நாற்பது எண்ணும் வரை

சடையாண்டி உதைத்த உதையில் கேமரா ஸ்டாண்டின் ஒரு கால் மடேரென்று முறிந்தது. மூன்று கால் ஸ்டாண்டில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டும் இருந்து பிரயோசனமில்லை. அது கிணற்று மேட்டிலேயே குப்புறச் சரிந்து புழுதியில் கிடந்தது.

“அடடா, தெரியாமக் கால் பட்டுருச்சு பாய்,” என்றான் சடையாண்டி, கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு குனிந்து, சனாவுல்லாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அடுத்தது ஒன் காலு,” என்றான்.

நல்லவேளையாகக் கேமரா இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. வெறும் ஸ்டாண்டை முதலில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் மண்ணில் அழுத்தி, அதன் உச்சியில் கைவைத்து ஆட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் கேமராவை ஏற்றுவது சனாவுல்லாவின் பழக்கம். திண்டுக்கல் கடைவீதியில் பதினாறு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். அவனிடம் மூன்று ஸ்டாண்டுகள் உண்டு. ஸ்டூடியோவுக்குள் சக்கரம் வைத்தது ஒன்று, இரும்பில் ஒன்று, தேக்கில் ஒன்று. வெளிவேலைக்கு எப்போதும் தேக்குதான். இரும்பை ஒரு தட்டுத் தட்டினால் வெங்கல மணி மாதிரி வெகுநேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். மரம் அந்த அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடும். கால் மூன்றாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நாலு கால் பெஞ்சை மேடுபள்ளத்தில் போட்டால் ஏதாவது ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. இதையெல்லாம் கேட்க ஆள் கிடைத்தால் சனாவுல்லா சாப்பாட்டை மறந்து சொல்லிக்கொண்டிருப்பான்.

அன்று கேட்க ஆள் இல்லை. கிணற்றுக்குள் ஒரு பிணம் கிடந்தது.

ஐம்பத்தேழாம் வருஷத் தை மாதம். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, மழையை நம்பிக் கிடக்கிற செவல்காட்டு ஊர் அது. செத்துக் கிடந்தவன் சோலைமுத்து. அவன் மனைவி பொன்னழகு, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து, வழி விசாரித்து, ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

“எம் புருசன் தானா விழல பாய் அண்ணே. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால கெடக்கு. கட்டித் தூக்கிப் போட்டுருக்காங்ஙெ. மேல நின்னு எனக்குத் தெரியுது, மத்தவுகளுக்குத் தெரியலையாம். எறங்கிப் பாக்கப் போனேன், எங்க பெரியவரு அறைஞ்சு தள்ளிட்டாரு.”

பெரியவர் என்று அவள் சொன்னது சோலைமுத்துவின் அண்ணன் நாச்சிமுத்துவை. கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஒரு வருஷமாகத் தண்ணீர் முறைக்காக இருவரும் வெட்டுக்குத்து வரை போய்வந்தவர்கள். போலீசுக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து வேலையில் இருப்பதாகவும், சாயங்காலம் வருவதாகவும், அதுவரை பிணத்தைத் தொடக்கூடாது என்றும் பதில் வந்திருந்தது. நாச்சிமுத்து அதுவரை பொறுக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். பிணத்தைத் தூக்கக் கயிறு கட்டுகிற சாக்கில் ஓர் ஆள் இறங்குவான். அவன் மடியில் அருவாள் இருக்கும். கைக்கட்டை அறுத்துவிட்டால், சோலைமுத்து குடித்துவிட்டுத் தவறி விழுந்தவன்தான். காலத்துக்கும் அப்படித்தான்.

அதற்கு முன்னால் ஒரு படம் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வாடகைக் கார் பிடித்து வந்து சேர்ந்தபோது மணி பத்து. நாச்சிமுத்து கிராம முன்சீப்பைக் கிட்டத்தட்ட வழிக்குக் கொண்டுவந்திருந்தார். கேமராப் பெட்டியைப் பார்த்ததும் முன்சீப் ஒரு வழி கண்டுபிடித்தார். “படம் எடுத்துக்கிறட்டும் அப்பு. நாளைக்கு ஒருத்தன் எம்மேல கை நீட்டக்கூடாதுல்ல. எடுத்து முடிச்சதும் நீங்க தூக்கிருங்க.”

ஊர் முழுக்க நின்று பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல நாச்சிமுத்துவால் முடியவில்லை. தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எடுக்கட்டும், எடுக்கட்டும்,” என்றார். துண்டுக்கு மேலாகத் தன் ஆள் சடையாண்டியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கிடைத்த பதில்தான் முறிந்து கிடந்த தேக்குக் கால்.

சனாவுல்லா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். நாற்பதடி ஆழம். சித்திரையாக இருந்தால் உச்சிப்பொழுதில் சூரியன் அடிமட்டம் வரை எட்டிப் பார்க்கும். தையில் அது தெற்கே சாய்ந்து போவதால், வெளிச்சம் வடக்குச் சுவரில் பாதிவரை இறங்கி நின்றுவிடுகிறது. அந்த ஊரில் மழை பொய்த்திருந்ததால் அடியில் தண்ணீர் இல்லை. பாறையும் சேறுமாக ஓர் இருட்டு. இருட்டுக்குள் வெள்ளையாக ஒரு வேட்டி. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாததைக் கேமரா பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. அந்தந்த நொடிக்கு வந்ததைப் பார்த்துவிட்டு விட்டுவிடும். படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டு அப்படியில்லை. சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீரைக் குடம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டே இருக்கும். இந்த இருட்டுக்கு நாற்பது வினாடி வேண்டும் என்று கணக்குப் போட்டான். அந்த நாற்பது வினாடியும் கேமரா ஒரு மயிரிழை அசையக்கூடாது. மேலே மயிரிழை அசைந்தால், நாற்பதடிக்குக் கீழே ஒரு கயிறு அழிந்து வெறும் மங்கலாகிவிடும்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்டாண்டு முறியாமல் இருந்தாலும் இங்கே உதவியிருக்காது. மூன்று கால் ஸ்டாண்டு நிற்பதெல்லாம், மேலே உள்ள பாரம் அந்த மூன்று காலுக்கு உள்ளே இருக்கிற வரைதான். கிணற்றுக்குள் நேர் கீழே பார்க்க வேண்டுமானால் கேமராவை விளிம்புக்கு வெளியே நீட்ட வேண்டும். பாரம் காலைத் தாண்டிப் போய்விடும். கேமராவோடு ஸ்டாண்டும் உள்ளே போயிருக்கும்.

அவன் தலையை நிமிர்த்தினான். எதிரே கமலை நின்றது.

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை. இரண்டு கல்தூண்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி முன்னால் சாய்ந்து நின்றன. ஆளுயரத்துக்கு மேல் மண்ணுக்குள் புதைத்த தூண்கள். அவற்றின் உச்சியில் கிணற்று வாய்க்கு நேர் மேலே ஒரு வேலமரச் சட்டம். சட்டத்தின் நடுவில் உருளை. உருளையில் மாடு இழுக்கிற வடக்கயிறு. தண்ணீர் நிரம்பிய இறைவைச் சாலான கூனை ஒரு பக்கம் கீழே இழுக்க, இரண்டு காளைகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் நின்று வருஷக்கணக்காகச் சாயாத சட்டம் அது. வெளியே பாரத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கென்றே செய்தது. கேமராவுக்கு இதைவிட நல்ல ஸ்டாண்டு மதராஸில் தேடினாலும் கிடைக்காது.

“சட்டத்து மேல ஏறப்போறேன்,” என்றான்.

“ஏறுங்க பாய்,” என்றார் நாச்சிமுத்து. “பாத்து. ஏற்கனவே ஒரு பொணம் கெடக்கு.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எவனோ எறிந்த கல் சனாவுல்லாவின் முழங்காலில் பட்டுத் தோல் கிழிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய கூனையில் தொங்கிய தோல்வாரை அறுத்தெடுத்தான். கயிறு நெளியும், முறுக்கு அவிழும். தோல் வழுக்காமல் கவ்விப் பிடிக்கும். தோல் மண்டியில் வளர்ந்த குடும்பத்துக்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டத்தின் மேல் காலை இருபுறமும் தொங்கவிட்டு உட்கார்ந்து, கேமராவைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, வாரால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினான். பொன்னழகு ஒரு சாக்கில் மணலை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். அதை வாங்கிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். கனமான பொருளை அசைக்க அதிக பலம் வேண்டும். கேமராவோடு கனத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டால் சின்ன அதிர்வெல்லாம் அதை அசைக்கமுடியாமல் செத்துப்போகும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் கிணறு தலைகீழாகத் தெரிந்தது. வேட்டியின் வெள்ளைக்குக் குறிவைத்துத் திருகினான்.

சட்டம் குலுங்கியது.

உருளையில் ஓடுகிற வடத்தைச் சடையாண்டி தரையில் நின்று பிடித்துக்கொண்டிருந்தான். “மாட்டக் காணோம், நானாவது இழுத்துப் பாக்கேன்,” என்று சொல்லி மறுபடி வெடுக்கென்று இழுத்தான். சனாவுல்லாவின் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. இரண்டு தொடைகளாலும் சட்டத்தை இறுக்கிக்கொண்டான். கீழே நாற்பதடிக் காற்று. இன்னொருவன் கடப்பாரையால் கல்தூணை ணங்கு ணங்கென்று தட்டினான்.

துணிக்குள் தலையோடு சனாவுல்லா யோசித்தான். அவர்கள் தூணைத் தட்டுவதை எப்போது நிறுத்துவார்கள்? படம் எடுத்தாகிவிட்டது என்று நினைக்கும்போது. எப்போது அப்படி நினைப்பார்கள்? இந்த ஊர்ப்பக்கத்தில் போட்டோ என்றால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற போட்டோக்காரன்தான். அவன் துணிக்குள் தலையை விட்டதும் ஊரே மூச்சை அடக்கி நிற்கும். தலையை வெளியே எடுத்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். பெட்டிக்குள் படம் விழுவது தலை உள்ளே இருக்கும்போதுதான் என்று அவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் துணிக்குள் நடப்பது பார்ப்பது மட்டும். பிடிப்பது அதற்கு அப்புறம்.

பிளேட்டு டப்பாவைச் சொருகினான். துணியின் மறைவிலேயே அதன் மூடியை உருவினான். லென்ஸை மூடித் திறக்கிற ஷட்டரிலிருந்து ஒரு நீளமான ரப்பர் குழாய் போகும். அதன் நுனியில் எலுமிச்சம்பழ அளவுக் குமிழ். குமிழை அமுக்கினால் காற்றுப் போய் ஷட்டரைத் திறக்கும். அமுக்கிக்கொண்டே இருக்கிற வரை திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். தொடாமல் திறக்கவென்று செய்த சாமான் அது. கை பட்டாலே கேமரா ஆடும். குழாயைத் தூணின் பின்புறமாக இறக்கிவிட்டான். பிறகு துணியிலிருந்து தலையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னான்.

“போச்சு. எல்லாம் ஆடிப்போச்சு. இருந்த பிளேட்டும் ஒண்ணுதான். இனிமே இங்க ஒண்ணுமில்ல. நீங்க தூக்கிக்கிறுங்க.”

கடப்பாரைச் சத்தம் நின்றது. சடையாண்டி வடத்தைக் கீழே போட்டான். “என்னா பாய், அம்புட்டுத்தானா ஒங்க வித்தை?” கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏலே சடையா, எறங்குடா. தம்பிய மேல கொண்டு வா.”

சனாவுல்லா சட்டத்திலிருந்து இறங்கித் தூணருகே நின்றான். உடனே அமுக்கக் கூடாது. அவன் இறங்கிய அசைவு சட்டத்தை விட்டுப் போக வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணினான். குமிழை ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டான். பையில் கைவிட்டுச் சும்மா நிற்கிற மனிதன் மாதிரி நின்றான். அமுக்கினான்.

ஒண்ணு பிஸ்மில்லா. ரெண்டு பிஸ்மில்லா. எண்ணோடு பிஸ்மில்லாவைச் சேர்த்தால் சரியாக ஒரு வினாடி. சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து வைத்திருந்த அளவு அது.

நாலில் ஒரு தப்பைக் கண்டுகொண்டான். சடையாண்டி அருவாளை மடியில் சொருகிக்கொண்டு கிணற்றுப் படிக்கல்லில் கால் வைத்துவிட்டான். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கற்களைப் பிடித்து இறங்க அவனுக்கு இருபது வினாடி போதும். இறங்கினால் பிணத்தின் மேல் குனிவான். பாதிப் படத்தில் அவன் முதுகுதான் இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் புலம்பியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், சனாவுல்லா அவசரப்பட்டுவிட்டான்.

ஆறு பிஸ்மில்லா.

பொன்னழகு ஓடிவந்தாள். “ஏ பாயி! விலைக்குப் போயிட்டியா?” என்று அவனைப் பார்த்துக் கத்தினாள். பதிலுக்கு நிற்கவில்லை. இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி, படியில் மார்பளவு இறங்கியிருந்த சடையாண்டியின் முகத்தில் போட்டாள்.

புருவம் பிளந்தது. சடையாண்டி கெட்ட வார்த்தையோடு மேலே தாவினான். அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து, முகத்தில் குத்தினான். ஒரு குத்து. இன்னொரு குத்து. அவள் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. விழுந்தவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைச்சதையைக் கடித்தாள்.

பதினொண்ணு. பன்னிரண்டு.

சனாவுல்லாவின் இடக்கை தானாக நீண்டது. உடம்பு ஓரடி முன்னால் போனது. குழாய் விறைத்தது. அவன் அப்படியே நின்றுவிட்டான். இன்னும் ஓரடி வைத்தால் கேமரா அசையும். குமிழை விட்டால் ஷட்டர் மூடும்.

பதினஞ்சில் அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறு கண் அவன் முகத்திலேயே நின்றது. ஒரு சாடை போதும். கண்ணை மூடித் திறந்தால் போதும். புரிந்துகொள்வாள், பிடியை விட்டுவிடுவாள், அடி நிற்கும். அடி நின்றால் சடையாண்டி இறங்குவான்.

சனாவுல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஐயோ, பொம்பளைய அடிக்கிறாங்ஙளே!” என்று கூட்டத்தில் ஒரு கிழவி கத்தினாள். “அவுக குடும்பச் சண்டை, நீ சும்மா இரு,” என்றது ஓர் ஆண்குரல். முன்சீப் தூரத்தில் மேய்கிற ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து வந்து, சடையாண்டியின் காலைப் பிடித்திருந்த அவள் வலது கையைப் பிரித்தார். பிரியவில்லை. முதுகுப் பக்கமாக முறுக்கினார். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் கத்திய கத்தலில் பனைமரத்துக் காக்காயெல்லாம் எழும்பிப் பறந்தன. இடது கையால் அவள் விடவில்லை.

இருபத்தாறு பிஸ்மில்லா. வாயில் அந்தச் சொல் கசந்தது. எண்ணை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். சேர்த்தே எண்ணினான்.

முப்பத்தொண்ணில் அவர்கள் அவளைத் தூக்கி எறிந்தார்கள். அவள் முதுகு கல்தூணில் மோதியது. சனாவுல்லாவின் கண் அவளைப் பார்க்கவில்லை. சட்டத்தில் தொங்கிய துணியின் நுனியைப் பார்த்தது. நுனி அசையவில்லை. மண்ணுக்குள் ஆளுயரம் புதைந்த கல், ஒரு பெண்ணின் எலும்புக்கு அசையாது.

சடையாண்டி அவள் வயிற்றில் இரண்டு உதை விட்டான். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கல்லைத் தேடினான். ஒரு கல், இரண்டு கல், மூன்று கல். தலை மறைந்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. நாப்பது.

குமிழை விட்டான். பாய்ந்து சட்டத்தில் ஏறி டப்பாவின் மூடியைச் சொருகினான். வாரை அறுத்தான். ஏனென்று யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்தவன் சாமானைக் கட்டுகிறான், அவ்வளவுதான். நாச்சிமுத்து மட்டும் தொங்கிய ரப்பர் குழாயைக் கையில் பிடித்து, “இது என்னா பாய், எனிமாக் குழாயா?” என்றார். அவர் விரலில் பொன்னழகுவின் ரத்தம் இருந்தது.

“காத்து அடிக்கிறதுங்க,” என்றான் சனாவுல்லா.

பிணம் மேலே வரும்போது கைகள் இரண்டும் விடுபட்டுத் தொங்கின. நாச்சிமுத்து ஊருக்கு முன்னால் தம்பியின் மார்பில் விழுந்து அழுதார். பிணத்தைச் சாயங்காலம் வரை வைத்திருக்கவில்லை, அதற்குள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சனாவுல்லாவும் கார் டிரைவரும் பொன்னழகுவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். வழியில் ஒருமுறை கண்விழித்தாள். அவன் முகத்தில் துப்பினாள். துப்பியதில் ஒரு பல்லும் இருந்தது. அவன் மடியிலிருந்த டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னான். அதற்குள் அவளுக்கு மறுபடி நினைவு போயிருந்தது.

படம் விழுந்திருந்தது. இருட்டறையில் பிளேட்டைக் கழுவி விளக்குக்கு முன்னால் பிடித்தான். குப்புறக் கிடந்த உடம்பு. முதுகின் நடுவில் இரண்டு மணிக்கட்டும் ஒன்றின்மேல் ஒன்று. மூன்று சுற்றுக் கயிறு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கயிற்றின் புரிகளை எண்ணலாம். முடிச்சின் வால் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பது வரை தெரிந்தது. மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பார்த்தார். நிமிராமலே கேட்டார், “எப்பய்யா எடுத்தே?” கேட்டுவிட்டு, இரண்டு கான்ஸ்டபிள்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிழக்கே போனார். நாச்சிமுத்து, சடையாண்டி இருவர் கையிலும் அன்று பொழுது சாயும்முன் விலங்கு ஏறியது.

நாலாம் நாள் பொன்னழகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு. சனாவுல்லா ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் இடக்கையில் வாங்கி, திறந்திருந்த ஒற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கட்டைவிரலால் அந்தக் கைக்கட்டின்மேல் தடவினாள், அவிழ்க்கிற மாதிரி.

“எம்புட்டு நேரம் புடிச்சுச்சு, இதுக்கு?”

“நாப்பது எண்ணுனேன்.”

“நா அடி வாங்கயில எண்ணிக்கிட்டா இருந்தே?”

“ஆமா தங்கச்சி.”

“அப்ப ஒன்னையப் பாத்தேன்ல. நீ மொகத்தத் திருப்புனே.”

சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. குமிழ், குழாய், ஷட்டர், இருபது வினாடியில் இறங்கிவிடக்கூடிய படிகள், கொஞ்சம் முன்னாலேயே வாய்விட்டுவிட்ட தன் அவசரம். எதைக் கேட்டாலும் பொறுமையாக விளக்கக்கூடியவன். இதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“சாடை காட்டியிருந்தா நீ விட்டிருப்பே,” என்றான். “நீ விட்டா அவன் எறங்கியிருப்பான்.”

“அப்ப தெரிஞ்சேதான் நின்னே.”

“மொதல்ல தெரியல. பதினஞ்சுக்கு மேல தெரிஞ்சேதான் நின்னேன்.”

பொன்னழகு படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். மாவுக்கட்டுக் கையைச் சிரமப்பட்டுத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டாள்.

“கோர்ட்டுக்கு வந்து சொல்லுவியா?”

“வாரேன். எல்லாத்தையும் சொல்றேன்.”

“எம்புட்டு எண்ணுனேன்னு கேப்பாக. அதையும் சொல்லு. அந்த நாப்பதுக்குள்ள என்னென்ன நடந்துச்சுனு ஒண்ணுவிடாமச் சொல்லு. மறச்சிராத.”

“சொல்றேன்.”

“சரி. இப்பப் போயிரு. செத்த நேரம் ஒம் மொகத்தப் பாக்க முடியல எனக்கு.”

அவன் எழுந்து போனான்.